அந்த அம்மா வசனத்தை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், சார்

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் நான். போன வாரம் காலை பிரேயரில், கென்யா ஓட்டக்காரர் ஒருவர் பந்தயம் முடிந்துவிட்டதாக நினைத்துக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட, பின்னால் வந்த ஸ்பெயின் வீரர் முந்தாமல் அவரையே ஜெயிக்க வைத்த கதையைச் சொன்னேன். "நான் ஜெயித்திருந்தால் என் அம்மா என்ன நினைப்பார்?" என்று அவர் நிருபரிடம் சொன்னதாக முடித்தேன். மதியம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "சார், அந்த அம்மா மேட்டர் டூப்பாம்" என்றான். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. வீரர்கள் நல்லது செய்ததாக வருகிற செய்தியெல்லாம் கேமராவுக்குத்தானா? இனி இந்தக் கதைகளைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், தேனி மாவட்டம்

பதில்: பையன் சொன்னது சரிதான் சார். அம்மா அந்தக் கதையில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவர். ஆனால் ஓட்டம் டூப் இல்லை.

2012 டிசம்பர் 2. வடக்கு ஸ்பெயினில், நவார்ரா பகுதியில் உள்ள புர்லாடா என்ற ஊர். நடந்தது ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டம், அதாவது மைதானத்துக்கு வெளியே மேடு பள்ளத்தில் ஓடுவது (சில ஃபார்வர்டுகளில் இது ஒலிம்பிக்காகவே பதவி உயர்வு பெற்றுவிட்டது). முன்னால் ஓடியவர் ஏபெல் முத்தாய், அதே வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் என்ற தடை தாண்டும் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியவர். கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போதே முடிந்தது என்று நினைத்து ஓட்டத்தை விட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் கத்துகிறார்கள், கத்துவது ஸ்பானிஷ், அவருக்குப் புரியவில்லை. பின்னால் வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனாயாவுக்கு அப்போது 24 வயது. முந்தியிருக்கலாம், விதிப்படி ஒரு தப்பும் இல்லை. முந்தவில்லை. பின்னாலேயே நின்று, போ போ என்று கையைக் காட்டி அவரைக் கோட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவதாக வந்தார்.

அதன்பிறகு அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: ஜெயிக்க வேண்டியவர் முத்தாய்தான், அவர் தப்பு பண்ணாமல் இருந்திருந்தால் அந்த இடைவெளியை என்னால் எட்டிப் பிடித்திருக்கவே முடியாது. கண்ணீர் இல்லை, தாயும் இல்லை. தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்த்தே பழகிய ஓட்டக்காரன் பேசுகிற பேச்சு.

இந்தக் கதையில் ஃபார்வர்டுக்காரர்கள் வெட்டியெறிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். அனாயாவின் கோச் மார்ட்டின் ஃபிஸ், 1995 உலக சாம்பியன்ஷிப்பில் மாரத்தான் தங்கம் வென்றவர். ஸ்பெயினின் எல் பாயிஸ் நாளிதழ் அவர் கருத்தையும் சேர்த்தே போட்டது. செய்தது நல்ல காரியம்தான், ஆனால் நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன், கிடைத்த சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டிருப்பேன், இதனால் இவன் நல்ல மனிதன் ஆகலாம், நல்ல ஓட்டக்காரன் ஆகிவிடவில்லை என்கிற மாதிரி பேசினார் மனிதர். சொந்த கோச்சே இப்படிச் சொல்லும் உலகத்தில் நின்றுகொண்டு அந்தப் பையன் அதைச் செய்திருக்கிறான். எனக்கு அம்மா வசனத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது, உங்களுக்கு எப்படியோ.

இப்படி ஏன் வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள் என்று கேட்டால், நானும் சில வருடம் விளையாட்டுப் பக்கத்துக்குத் தலைப்பு வைத்தவன், எனக்குத் தெரியும். நான்கு வரிச் செய்தி வரும். 'நெகிழ்ச்சி' என்று ஒரு வார்த்தை சேர்ப்போம், கீழே 'குவியும் பாராட்டு'. அந்த நிமிடம்வரை பாராட்டியது ராத்திரி ஷிஃப்டில் இருந்த நானும் பக்கத்து சீட்காரரும்தான். யாராவது மாற்றுக் கருத்து சொல்லியிருந்தால் அந்த வரியைத்தான் முதலில் தூக்குவோம், நெகிழ்ச்சி கெட்டுவிடுமே.

நம்ம ஊர் ஆளும் இருக்கிற கதை ஒன்று. 2011, ட்ரென்ட் பிரிட்ஜ் டெஸ்ட், மூன்றாம் நாள். இங்கிலாந்தின் இயான் பெல் 137. பந்து பவுண்டரிக்குப் போய்விட்டது என்று நினைத்து டீக்கு நடையைக் கட்டினார், பந்து போகவில்லை, நம்ம அபினவ் முகுந்த் பெய்ல்ஸைத் தட்டினார், அவுட். டீ முடிந்து பெல் திரும்பவும் பேட்டோடு இறங்கி வந்தார், ஏனென்றால் தோனி அப்பீலை வாபஸ் வாங்கிவிட்டார். 2020இல் ஐசிசி இதற்குப் பத்தாண்டின் சிறந்த ஆட்டப் பண்பு விருதே கொடுத்தது. அந்த இருபது நிமிட இடைவேளையில் இங்கிலாந்து கேப்டன் ஸ்ட்ராஸும் கோச் ஃபிளவரும் இந்திய டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்து கேட்டார்கள் என்பதும், அந்த மேட்சில் இந்தியா 319 ரன்னில் தோற்றது என்பதும் மீம்களில் இருக்காது. போய்க் கேட்கவும் ஒருவர் வேண்டியிருந்தது, கேட்டால் இறங்கிவரவும் ஒருவர் வேண்டியிருந்தது, இதில் ஒருவருக்குத்தான் போஸ்டர்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றபின் ஒரு பேட்டியில் நீரஜ் சோப்ரா, ஃபைனலில் என் ஈட்டியைக் காணோம் என்று தேடினேன், அர்ஷத் நதீம் கையில் இருந்தது, கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். பாகிஸ்தான்காரர் ஈட்டியைத் திருடப் பார்த்தார் என்கிற அளவுக்கு அதை ஊதினார்கள். உங்கள் அரசியலுக்கு என்னை இழுக்காதீர்கள், ஈட்டியை யார் வேண்டுமானாலும் எடுத்து எறியலாம், விதியில் இடம் இருக்கிறது என்று அவரே வீடியோ போட வேண்டியதாயிற்று. அந்த வீடியோதான் அந்த மாதத்தில் அவர் செய்த நல்ல காரியம் என்பேன், தன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தையே பார்த்துச் சொன்னது அது.

சரி, கேமராவுக்குத்தானா என்ற கேள்வி. ஸ்டேடியத்தில் அவர்கள் ஷூ லேஸ் கட்டினாலும் கேமரா இருக்கும், அதனால் கேமரா இருந்ததை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. அந்தச் செயலால் கைவிட்டுப் போனது என்ன என்று மட்டும் பாருங்கள். அனாயாவுக்கு ஒரு முதலிடம் போனது. நன்கொடை என்று பெரிய செக் அட்டையோடு போஸ் கொடுக்கிறவருக்குப் பெரிதாக ஒன்றும் போகவில்லை, ஆனாலும் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் நமக்கென்ன.

திங்கட்கிழமை அதே பிரேயரில் அதே கதையைச் சொல்லுங்கள். போன வாரம் நான் சொன்னதில் ஒரு வரி தப்பு, கண்டுபிடித்தது இவன் என்று அந்தப் பையனை முன்னால் கூப்பிட்டு, புர்லாடா பகுதியை அவனையே வாசிக்க விடுங்கள். அப்புறம் கோச் சொன்னதை நீங்கள் சொல்லிவிட்டு, யார் பக்கம் என்று கை தூக்கச் சொல்லுங்கள். கோச் பக்கம் நிறையக் கை எழுந்தால் திட்டாதீர்கள், உங்கள் பி.இ.டி. சாரே தூக்கினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.