கல்லூரிக் காலத்தில் நீங்கள் வென்ற கோப்பைகளில் இன்றும் மறக்க முடியாதது எது?

1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எங்கள் கல்லூரிப் படகுக் குழு வாங்கிய இரண்டு கோப்பைகள். பதினெட்டு வயது வரை கடலில் கால் நனைத்திராத ஒரு கமுதிக்காரன் இல்லையென்றால் அவை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

நான் பாம்பன். ராமநாதபுரத்தில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்த 1996-இல் எங்கள் கல்லூரிக்குப் பழைய வேலர் (whaler) படகு ஒன்று, கடற்படைப் பயிற்சியில் வலிக்கும் துடுப்புப் படகு, வந்து சேர்ந்தது. 27 அடி நீளம், ஐந்து துடுப்பு. வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகாதா என்று ஊரில் கேட்டார்கள். போகத்தான் செய்யும். அதனால் இடப்பக்கத்து இருவருக்கும் தோள் வலு கூடுதலாக வேண்டும். மிச்சத்தைச் சுக்கான் பிடிப்பவன் பார்த்துக்கொள்வான். எங்கள் சுக்கான்காரன் கீழக்கரைப் பையன். அவனைத் 'தண்டல்', அதாவது படகுத் தலைவன், என்றே கூப்பிட்டோம்.

முதல் ஆண்டு ஐந்து துடுப்பிலும் கடற்கரைப் பிள்ளைகள். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி, ஏர்வாடி. பிறந்ததிலிருந்து வத்தை, வல்லம் என்ற நாட்டுப் படகுகளில் வளர்ந்தவர்கள். எங்களை யார் ஜெயிக்க முடியும் என்று நினைத்தோம். 1997 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்தில் ஓர் உப்பங்கழியில் போட்டி. நான்கு படகுகளில் நாங்கள் நான்காவதாக வந்தோம். மூன்றாவதாக வந்த படகுக்கும் எங்களுக்கும் இடையே இன்னொரு படகு நுழைந்து போகலாம்.

திரும்பி வரும்போது ரயிலில் யாரும் பேசவில்லை. காரணம் எங்களுக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று. கடற்கரைப் பிள்ளைகளாக இருந்ததுதான் காரணம். அலையில் படகு வலிப்பவன் துடுப்பை உயரத் தூக்குவான், சின்னதாக வெட்டி வலிப்பான். அலை எப்போது தட்டும் என்று தெரியாது, அதனால் ஒவ்வொருவனும் தன் கையை மட்டும் நம்புவான். அலையே இல்லாத தண்ணீரில் அந்தப் பழக்கம் பாதி வலுவைக் காற்றில் கொட்டிவிடுகிறது. போதாததற்குத் துடுப்பு வலிப்பதில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விதம். தொண்டிக்காரனின் தாளம் ஏர்வாடிக்காரனுக்குப் பிடிக்காது. ஐந்து பேரும் நன்றாக வலித்தோம், ஐந்து படகில் இருப்பதைப்போல.

அந்தக் கோடையில் தங்கச்சிமடத்துப் பையன் படிப்பை விட்டுவிட்டு அப்பாவுடன் தொழிலுக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு உடற்கல்வி ஆசிரியர் கொண்டுவந்து நிறுத்தியவன்தான் கமுதிக்காரன். முதல் ஆண்டு முழுக்க எங்களுக்குக் குடிதண்ணீர் சுமந்தவன். நீச்சல் தெரியாது, முதலில் அதைத்தான் கற்றுக்கொடுத்தோம். அவன் வீட்டில் சீமைக் கருவேலம் வெட்டி விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போடுவார்கள். உள்ளங்கை எங்கள் கையைவிடக் காய்த்திருந்தது.

1997 ஜூலையில் மண்டபம் வடகடலில் பயிற்சி தொடங்கினோம். இந்தக் கரையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வடகடலான பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் இது தலைகீழாகிவிடும். அப்போது படகைத் தென்கரைக்குக் கொண்டுபோகவேண்டும். பாம்பன் பாலத்துக்கு அடியில் நீவாடு, அதாவது நீரோட்டம், தெற்கே பாயும் நேரம் பார்த்து, 1914-இல் திறந்த அந்தப் பழைய ரயில் பாலத்தின் தூண்களுக்கு நடுவே வலித்துக் கடப்போம். மேலே ரயில் போனால் இரும்பு அதிரும் ஓசை துடுப்பு வழியாகக் கைக்கு வரும். இப்போது பக்கத்தில் புதிய பாலம் வந்துவிட்டது. எனக்குப் பாலம் என்றால் அந்த அதிர்வுதான்.

வடகடலில் இரண்டாவது வாரமே கமுதிக்காரன் வாய் திறந்தான். "நீங்கள் எல்லோரும் தள்ளுகிறீர்கள்" என்றான். எங்களுக்குக் கோபம் வந்தது. துடுப்புப் பிடிக்கத் தெரியாதவன் சொல்கிறானே என்று. அவன் பதில் சொல்லாமல், ராமநாதபுரத்துக்குத் திரும்பும் வழியில் உச்சிப்புளியில் ஒரு விறகுக் கடைக்கு எங்களை அழைத்துப் போனான். இருவர் இழுக்கும் பெரிய ரம்பம் ஒன்று அங்கே இருந்தது. கட்டையின் அந்தப் பக்கம் என்னை நிறுத்தி, இந்தப் பக்கம் அவன் உட்கார்ந்தான். நான் முழு வலுவோடு இழுத்தேன். அவன் இழுக்கும்போதும் என் கை சும்மா இருக்கவில்லை. ரம்பம் வளைந்து கட்டைக்குள் சிக்கிக்கொண்டது. மூன்று முறை அப்படியே ஆனது.

"உன் முறைக்கு இழு. என் முறையில் கையை விட்டுக்கொடு. பிடியை விடாதே, வலுவை மட்டும் விடு" என்றான்.

நாலாவது முறை ரம்பம் தானாக ஓடுவதுபோல ஓடியது. மரத்தூள் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது. நாங்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து இருட்டும்வரை அறுத்தோம். கடைக்காரர் எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார், அவருடைய கட்டை எல்லாம் அறுபட்டுப்போன மகிழ்ச்சியில்.

படகிலும் அதேதான் நடக்கிறது. துடுப்பு தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரத்தில் படகு தன் ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். அடுத்த வலிப்புக்கு அவசரப்பட்டு விழுந்தடித்துக் குனிந்தால், ஐந்து உடம்பின் எடையும் சட்டென்று நின்று, அந்த உதை படகின் ஓட்டத்தைத் தின்றுவிடும். நாங்கள் தோற்றது வலிக்கும்போது அல்ல. வலிப்புக்கும் வலிப்புக்கும் நடுவில்.

அவனைப் பின்தலைக்கு, அதாவது படகின் பின்முனைக்கு, அருகில் முதல் துடுப்பில் உட்கார வைத்தார் ஆசிரியர். துடுப்பு வலிப்பவர்கள் பின்முனையைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். மற்ற நால்வரும் அவனைப் பார்த்து வலிக்கவேண்டும். அடுத்த பலகை என்னுடையது. இரண்டு ஆண்டுகள் நான் அதிகம் பார்த்த பொருள் அவன் முதுகுதான். பனியனுக்கு வெளியே, இடது தோளுக்குக் கீழே, கருவேல முள் கிழித்த வெள்ளைக் கோடு ஒன்று இருக்கும். அது மெதுவாக முன்னே சாயும். நானும் சாய்வேன். அது நிற்கும். ஐந்து துடுப்பும் ஒரே 'சளக்'கில் தண்ணீருக்குள் போகும். அந்த ஓசை சரியாக விழுந்த நாட்களில் தண்டல் எண்ணுவதை நிறுத்திவிடுவான்.

1998-இல் இரண்டு படகு நீளத்தில் வென்றோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எல்லாம் பயிற்சியில் நடந்தபடி நடந்தது.

1999-தான் போட்டி. அன்று காலையிலிருந்தே வாடை பலமாக வீசி, உப்பங்கழியில் அலை எழும்பியிருந்தது. பாதி தூரம் வரை கமுதிக்காரனின் நீண்ட வலிப்பில் போனோம். துடுப்பு முனை அலையில் இடறத் தொடங்கியது. பக்கத்துப் படகு முந்தியது. அப்போது படகின் முன்முனையான அணியத்திலிருந்து தொண்டிக்காரன் கத்தினான்: "வத்தை வலிப்புடா!" முதல் துடுப்பில் இருப்பவன் ஒத்துக்கொள்ளாமல் நாங்கள் மாறினால் எல்லாம் குலைந்துவிடும். நான் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாயும் தூரம் குறைந்தது. கை உயர்ந்தது. எங்களிடமிருந்து எப்போது கற்றுக்கொண்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படியே எங்கள் கரையின் வலிப்பு. நாங்கள் விட்டொழித்த பழக்கம் ஐந்து பேருக்கும் ஒரே தாளத்தில் திரும்பி வந்தது. அரைப் படகு நீளத்தில் வென்றோம். கரையேறியதும் தண்டல் அழுதான், நாங்களும் அழுதோம்.

கமுதிக்காரன் இப்போது ஊரில் மிளகாய் வியாபாரம் பார்க்கிறான். ஆனி பிறந்தால் போதும், அவனிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன்பே "கச்சான் கிளம்பிவிட்டதா? வடகடல் எப்படி இருக்கிறது?" என்பான். இந்த ஆண்டும் கேட்டான். அசையாமல் கிடக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், வத்தையைக் கேட்டு வை என்றான்.