கோடு போட்ட பிறகு

அன்புள்ள ஐயா,

கனடாவில் பூர்வகுடிகளைக் கேட்காமல் சாலை போடக்கூடாது என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். இப்போது கால்கரியில் சாலை வடிவமைப்பு வேலை. எங்கள் ஆபீசில் ‘கலந்தாலோசனை’ என்ற சொல் காதில் விழுந்தாலே அட்டவணையில் சில மாதம் போச்சு என்று பொருள். நீங்கள் சொன்ன மிகிசூ கிரீ வழக்கையே எடுத்துக்கொள்வோம். தங்களைக் கேட்காமல் தேசியப் பூங்காவுக்குள் சாலை போட அனுமதித்ததை எதிர்த்து அந்தப் பூர்வகுடி போட்ட வழக்கு. பூங்காவின் பரப்பு 44,807 சதுர கி.மீ. சாலைக்குப் போனது 23 சதுர கி.மீ. ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இதற்கா உச்ச நீதிமன்றம்? அவர்கள் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடும் என்றால் அது வீட்டோ. நிற்காது என்றால் கேட்பது கண்துடைப்பு. இரண்டில் எது என்று சொல்லுங்கள்.

ஆர்., கால்கரி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணக்கு சரி. அமைச்சர் தரப்பும் நீதிமன்றத்தில் இதே கணக்கைத்தான் வைத்தது. 1899இல் அரசும் பூர்வகுடிகளும் கையெழுத்திட்ட, அவர்களுக்கு வேட்டை உரிமை தரும் எட்டாம் உடன்படிக்கை 8,40,000 சதுர கி.மீ. பரப்புக்கானது, அதில் 23 எம்மாத்திரம் என்று இன்னும் ஒரு படி மேலே போனது.

அந்த 23 எங்கே விழுந்தது என்று பாருங்கள். ஆல்பர்ட்டாவின் வடக்கே வுட் பஃபலோ தேசியப் பூங்காவுக்குள் 118 கி.மீ. நீளக் குளிர்காலச் சாலை. பத்து மீட்டர் அகலம். தரை உறைந்திருக்கும் மாதங்களில் மட்டும் வண்டி ஓடும். முதலில் போட்ட கோடு பீஸ் பாயின்ட் என்ற மிகிசூ ஒதுக்கு நிலத்தின் குறுக்கே போனது. அவர்கள் எதிர்த்ததும் கோட்டை நகர்த்தி அந்த நிலத்தின் எல்லையை ஒட்டியே போட்டார்கள். நகர்த்தும்போதும் அவர்களைக் கேட்கவில்லை. சாலையை ஒட்டி 200 மீட்டர் பட்டையில் துப்பாக்கி எடுக்கக்கூடாது என்று விதி. அந்தப் பட்டைதான் 23 சதுர கி.மீ. சுமார் 14 குடும்பங்கள் பொறி வைக்கும் தடங்களை அந்தச் சாலை வெட்டிக்கொண்டு போனது. நூறு பேர் வரை மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடும் காடும் அதுதான். தாத்தா காலத்திலிருந்து போய்வரும் தடத்தில் ஒருவர் நிற்கிறார், எதிரே மூஸ் நிற்கிறது, சுடக்கூடாது. வீட்டுக்கு வரவேண்டிய இறைச்சி அது. அவரிடம் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

இதற்கு நீதிபதி இயன் பின்னி 2005 தீர்ப்பில் எழுதிய பதில் எனக்குப் பிடித்தது. இவர்களுடைய வேட்டைக்காடு கெட்டால், வெகுதொலைவில் இருக்கும் வேறொரு குடியின் காட்டுக்குள் நுழைந்து வேட்டையாடிக்கொள்ளுங்கள் என்று சொல்வதில் நடைமுறை அறிவு இல்லை என்கிறார். ஆகவே கணக்கின் கீழ் எண் 8,40,000 அல்ல, அந்தக் குடியின் சொந்தக் காடு.

அந்தக் கட்டுரையில் நான் விட்ட ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். அந்தச் சாலையைக் கேட்டவர்களிலும் பூர்வகுடிகள் உண்டு. சாலைக்காக நின்ற தெபாச்சா சாலைச் சங்கத்தில் ஃபோர்ட் ஸ்மித் நகரம் மட்டுமல்ல, சால்ட் ரிவர், லிட்டில் ரெட் ரிவர் கிரீ குடிகளும் பூர்வகுடி, ஐரோப்பியர் கலப்பு வழியினரான மேட்டி மக்களின் அவ்வூர் மன்றமும் இருந்தார்கள். குளிர்காலத்திலாவது தெற்கே போக வழி வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கை நியாயமானது. ‘சாலை எதிர் பூர்வகுடி’ என்று நான் எழுதியது சோம்பேறித்தனம்.

இனி உங்கள் கேள்வி. வீட்டோ இல்லை. 2004இல் ஹைடா என்ற பூர்வகுடியின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மிகிசூ வழக்கிலும் சாலையே கூடாது என்று சொல்லவில்லை. அரசின் கடமை இங்கே அளவுகோலின் கீழ்முனையில்தான் இருக்கிறது என்றது. நேரடியாகத் தகவல் சொல், விவரம் கொடு, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேள், பாதிப்பைக் குறைக்கப் பார். இவ்வளவுதான். அதுகூட நடக்கவில்லை. பொதுமக்களுக்கு வைத்த விளக்கக் கூட்டத்துக்கு நீங்களும் வரலாமே என்ற அளவில் நின்றது. 2001 மே மாதம் அமைச்சர் அனுமதியைப் பூங்காத் துறையின் இணையதளத்தில் அறிவித்தார். அமைச்சர் எப்படியும் செய்யப்போவதைச் செய்வதற்கு முன் இவர்கள் மனக்குமுறலைக் கொட்டிவிட்டுப் போக ஒரு வாய்ப்பு என்பதல்ல கலந்தாலோசனை என்று சொல்லி நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது.

கண்துடைப்பு என்கிறீர்களே, அது நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆல்பர்ட்டாவிலிருந்து பசிபிக் கரைக்குப் போகும் டிரான்ஸ் மவுன்டன் எண்ணெய்க் குழாய் விரிவாக்கத்தைப் பாருங்கள். அரசு அனுப்பிய அதிகாரிகள் கூட்டங்களில் உட்கார்ந்து குறை கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், மேலே அனுப்பினார்கள். எதையும் மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. 2018 ஆகஸ்ட் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தபோது, கடலில் டேங்கர் போக்குவரத்தைக் கணக்கில் எடுக்காததோடு இதையும் காரணமாகச் சொன்னது. அதற்குள் அரசு 450 கோடி டாலருக்குக் குழாயையே வாங்க ஒப்புக்கொண்டிருந்தது! மறுபடி பேசி 2019 ஜூனில் மறுபடி அனுமதி. எதிர்த்த குடிகள் எதிர்த்தபடியே இருந்தார்கள், 2020இல் அதே நீதிமன்றம் இந்தமுறை பேசியது போதும் என்றது. 2024 மே மாதத்தில் எண்ணெய் ஓடத் தொடங்கிவிட்டது. இடையில் போன அந்தப் பத்து மாதத்தை யார் தலையில் எழுதுவீர்கள்?

என் கவலை வேறு இடத்தில். மிகிசூ மக்கள் இன்னொரு வழக்கும் போட்டார்கள். 2012இல் நீர்வழிப் பாதுகாப்பு உட்படச் சுற்றுச்சூழல் சட்டங்களை அரசு தளர்த்தியபோது எங்களைக் கேட்கவில்லை என்று. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. சட்டம் இயற்றும் வேலைக்கு இந்தக் கடமை பொருந்தாதாம். பாதை வளைவது முக்கால்வாசி சட்டம் எழுதும் அந்த அறையில்தானே? 2021இல் பூர்வகுடி உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை ஏற்று ஒரு சட்டம் வந்தது, கனடாவின் சட்டங்களை அவர்களோடு கலந்து பிரகடனத்துக்கு ஒத்துப்போகச் செய்வோம் என்று. 2025 ஜூன் 6 அன்று, தேச நலனுக்கான பெருந்திட்டங்களை விரைவுபடுத்தும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஜூன் 26 அன்று சட்டமாகிவிட்டது. கலந்து பேசவில்லை என்று பூர்வகுடித் தலைவர்கள் பலர் சொன்னார்கள். பிரதமர் கார்னி அவர்களைத் தலைநகர் ஒட்டாவாவை அடுத்த காட்டினோவுக்கு அழைத்துப் பேசியது ஜூலை 17. பத்திரிகை அடித்துக் கொடுத்தபிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதை.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்கள் ஆபீஸ் வரைபடத்தின் கீழ்மூலையில் திருத்த எண்ணும் தேதியும் இருக்குமல்லவா. இப்போது கையில் இருக்கும் வேலையில், பூர்வகுடிகளை முதன்முதலில் சந்தித்த நாள் எத்தனையாவது திருத்தத்துக்குப் பிறகு வருகிறது என்று பார்த்து எழுதுங்கள்.