அபராதத்துக்குப் பயந்தால் வரும் வினைகள்

கேள்வி: அன்றாட வாழ்வில் நடந்த தவறுகளில், நினைத்தால் சிரிப்பு வரும் பாடம் எது?

அடுத்தவர் செய்த தவறில் கற்றுக்கொள்வதுதான் மலிவு. செய்தவர் சொந்தக்காரராக இருந்துவிட்டால் சிரிப்பும் இலவசம்.

ஊரிலிருந்து சிங்கப்பூருக்குப் புதிதாக வருபவர்கள் அலட்சியத்தைவிடப் பயத்தால்தான் அதிகம் சொதப்புகிறார்கள் என்பது என் கணிப்பு. விமானம் ஏறும் முன்பே யாராவது, “அங்கே எதைத் தொட்டாலும் ஃபைன்” என்று காதில் ஓதிவிடுகிறார்கள்.

என் சித்தப்பா மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில், பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர். அப்பேர்ப்பட்டவர் சிராங்கூன் சாலை நிறுத்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். அவர் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. “டேய், நம்மைப் பார்த்தால் இவனுக்கு மனுஷனாகத் தெரியவில்லையா?” என்று போனில் குமுறினார். இங்கே கை காட்டினால்தான் பஸ் நிற்கும் சித்தப்பா என்றேன். “கை நீட்டினால் ஃபைன் போடமாட்டானே?” அதன்பிறகு அந்தப் பக்கம் வந்த எல்லா பஸ்ஸுக்கும் கை காட்ட ஆரம்பித்துவிட்டார். கதவு திறந்ததும், “இல்லை தம்பி, நீங்க போங்க” என்பார். அந்த ஓட்டுநர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இறங்கும்போது பயண அட்டையைக் கருவியில் தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணத்தைக் கழித்துவிடுவார்கள் என்றும் சொல்லிவைத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மறந்துவிடக் கூடாதே என்று, இறங்கும் இடம் வருவதற்கு வெகு முன்பே தட்டிவிட்டுக் கதவருகே நிற்கத் தொடங்கினார். அப்படித் தட்டிவிட்டுத் தொடர்ந்து போவது கட்டண ஏய்ப்பு, அதற்குத்தான் நிஜமாகவே அபராதம் உண்டு!

என் அறைத்தோழன் கதை வேறு. உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக் கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் கண்டிப்பாகவே நடவடிக்கை எடுக்கிறார்கள்: முதல் தடவை எழுத்துபூர்வ எச்சரிக்கை, மறுபடியும் பிடிபட்டால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அவனுக்கு இதைக் கேட்டதிலிருந்து மேசையில் எந்தத் தட்டைப் பார்த்தாலும் கை பரபரக்கும். தேக்கா உணவங்காடியில் எதிரே உட்கார்ந்திருந்த அங்கிள் தே (டீ) வாங்க எழுந்து போன நேரத்தில், பாதி சாப்பிட்ட பிரியாணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். அதுவும் ஹலால் தட்டை ஹலால் அல்லாத அடுக்கில். புது பிரியாணி வாங்கிக் கொடுத்த செலவில் பயம் கொஞ்சம் தெளிந்தது.

மறுபடி சித்தப்பாவுக்கே வருகிறேன். அவருக்குச் சர்க்கரை நோய். கோப்பிக்கடையில் தினமும், “சர்க்கரை வேண்டாம்” என்று கறாராகச் சொல்லிக் கோப்பி வாங்குவார். ஆன்ட்டியும் சொன்னபடி சர்க்கரை போடுவதில்லை. ஆனால் இங்கே வெறுமனே கோப்பி என்று கேட்டால் டின்னில் வரும் இனிப்புப் பாலைத்தான் ஊற்றுவார்கள். இனிப்பில்லாத பால் வேண்டுமானால் ‘கோப்பி சி கோசோங்’, பாலே வேண்டாமென்றால் ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேட்க வேண்டும். இது அவருக்கும் தெரியாது, கேட்டுச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. “சர்க்கரை போடாமலே என்ன ருசிடா!” என்று ஊருக்குக் கிளம்பும் நாள்வரை ரசித்துக் குடித்தார். திரும்பிப் போனதும் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் விசாரித்தபோது, “சிங்கப்பூரில் இனிப்பைத் தொடவே இல்லை” என்று சத்தியம் செய்தாராம்.