ஐகெட்சி முடித்துவிட்டால் எல்லா யூனிட்டும் செல்லுபடியாகுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. குபர்டினோவில் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆம்ஹர்ஸ்ட் போன்ற ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் (தொழில்படிப்பு அல்லாத பொதுக்கல்வி) கல்லூரிக்கு மாற ஆசைப்படுகிறாள். ஐகெட்சி முடித்துவிட்டதால், படித்த பாடங்களுக்குக் கிடைத்த யூனிட் (கிரெடிட்) எதுவும் வீணாகாது என்கிறார் ஒரு கன்சல்டன்ட். நம்பலாமா? நான் கல்யாணத்துக்காக டிகிரியைப் பாதியில் விட்டவள், எனக்கு இதெல்லாம் புரிவதில்லை.

பதில்: நம்பாதீர்கள். ஐகெட்சி என்பது யூசி, கால் ஸ்டேட் என்ற கலிபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்காகப் போட்ட பொதுப்பாடப் பட்டியல். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது கால்-கெட்சி என்ற புதிய பட்டியல் ஆகிவிட்டது, அதை விடுங்கள். ஆம்ஹர்ஸ்ட் மாதிரி மாசசூசெட்ஸில் உள்ள தனியார் கல்லூரி ஐகெட்சியை ஏற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அவர்கள் ஒவ்வொரு பாடமாக எடுத்து, தங்களிடம் அதுபோல ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கால்குலஸ், வரலாறு, உளவியல் பெரும்பாலும் தேறிவிடும், அக்கவுன்டிங், பிசினஸ் மாதிரி தொழில் வாடை அடிப்பவைதான் மாட்டிக்கொள்ளும். டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை என்பதால் 90 யூனிட் என்றால் செமஸ்டர் கணக்கில் 60தான். ஆம்ஹர்ஸ்டில் யூனிட் என்ற பேச்சே கிடையாது, பட்டத்துக்கு 32 பாடங்கள், அதில் பாதியை அங்கேயே படித்தாக வேண்டும்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். எத்தனை பாடத்தை ஏற்கிறோம் என்பதைப் பல கல்லூரிகள் இடம் கொடுத்த பிறகுதான் சொல்கின்றன, சில இடங்களில் டெபாசிட் தேதி நெருங்கும்வரை அதுவும் வராது. கையில் என்ன தருவார்கள் என்று தெரியாமலே பணம் கட்டச் சொல்வது என்ன நியாயம்? அதனால் மகளை இன்றைக்கே எல்லாப் பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள், ஆசிரியர் மாறிவிட்டால் பழைய சிலபஸைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. இடம் கிடைத்ததும், டெபாசிட் கட்டும் முன், ரெஜிஸ்ட்ரார் (கல்லூரிப் பதிவாளர்) அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு எத்தனை பாடம் ஏற்கிறார்கள், நான்கு செமஸ்டரில் அவள் மேஜரை (முதன்மைப் பாடத்தை) முடிக்க முடியுமா என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

அப்புறம் அந்தக் கன்சல்டன்ட். இதை முடிவு செய்யும் மேஜையில் அவருக்கு நாற்காலி இல்லை. ‘உள்ளே ஆள் தெரியும்’, ‘கேரன்டி’ என்று ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பவர்களிடம் பேச்சை வளர்க்காதீர்கள். கட்டுரையை நாங்களே எழுதித் தருகிறோம் என்றால் இன்னும் மோசம், தெரியவந்தால் கிடைத்த இடமும் போகும், அப்போது அவர் போன் எடுக்க மாட்டார். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் அவளே விண்ணப்பிக்கலாம். அரசுக் கல்வி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் இலவசம், அதை நிரப்பித் தரக் காசு கேட்கிறவரிடம் போகவே போகாதீர்கள். நன்றாகப் படிக்கிற, பண உதவி தேவைப்படும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருகிறது, போட்டி கடுமைதான், ஆனால் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்று. ஆம்ஹர்ஸ்டுக்குப் பக்கத்து ஊரான நார்த்தாம்டனில் ஸ்மித் என்ற பெண்கள் கல்லூரி இருக்கிறது. டிகிரி முடிக்காமல் நின்றுபோன பெண்களுக்காகவே 1975 முதல் அங்கே அடா காம்ஸ்டாக் என்று ஒரு திட்டம் நடக்கிறது. 24 வயது ஆகியிருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது, பாடச் சுமையைக் குறைத்தும் படிக்கலாம். சௌத் ஹாட்லியில் மவுன்ட் ஹோலியோக் கல்லூரியிலும் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் என்ற பெயரில் இதே மாதிரி உண்டு. குபர்டினோவிலிருந்து குடும்பத்தை விட்டுப் போவது லேசில்லை, தெரியும். ஆனாலும் ஊரில் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியலை வரவழைத்து வையுங்கள். மகளுக்கு இது பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும்.

மகள் விஷயத்தில் கடைசியாக ஒன்று: சின்னக் கல்லூரிகளின் டிரான்ஸ்ஃபர் தேதி பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். யூசி விண்ணப்பம் அதற்கு முன்பே, நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். ஐகெட்சி அங்கே செல்லும் என்பதால் அதையும் ஒன்று போட்டு வைக்கட்டும்.