மூலையில் சிக்கும் எலக்ட்ரான்: கணக்குப் பிழையா?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக, செங்கோணமாகத் திரும்பும் ஒரு நானோ குழாயில் எலக்ட்ரானின் ஆற்றல் நிலைகளைக் கணினியில் கணக்கிட்டேன். உள்ளே எந்த விசையும் இல்லை. ஆயினும் மிகத் தாழ்ந்த நிலையில் அலைச்சார்பு (எலக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்புண்டு என்று காட்டும் சார்பு) மூலையிலேயே குவிகிறது. நிரலில் பிழையா?

பதில்: பிழை அன்று. சுவரைத் தாண்ட முடியாத எலக்ட்ரானின் அலைச்சார்பு இரு சுவர்களிலும் சுழியாக வேண்டும் என்பதால், குழாயின் அகலத்துக்கேற்ற ஒரு குறைந்தபட்ச இயக்க ஆற்றலை அது குறுக்குத் திசையில் சுமந்தே ஆக வேண்டும். இதை வாயில் ஆற்றல் என்போம். இதற்குக் கீழே, மூலையின் இருபுறமும் நீளும் நேரான கரங்களில் பயணமே இல்லை. மூலையில் மூலைவிட்ட அளவு அகலத்தைப் போல் சுமார் 1.41 மடங்காக இருப்பதால், அலை அங்கே சற்றுத் தளர்ந்து பரவி, வாயில் ஆற்றலில் 0.93 பங்கிலேயே நிலைகொள்கிறது. கரத்துக்குள் நுழையக் கட்ட வேண்டிய சுங்கம் கையில் இல்லாததால் அங்கேயே தங்கிவிடுகிறது. கோலிக்குண்டாக இருந்தால் சுவரில் மோதி மோதி வெளியேறியிருக்கும்.

இப்படி ஓரிடத்திலேயே சிக்கி நிற்பதைக் கட்டுண்ட நிலை என்பர். மெல்லிய வளைகுழாய்களில் அது உண்டென்று 1989இல் எக்ஸ்னர், ஷெபா என்ற இயற்பியலாளர்கள் நிறுவினர். 1992இல் கோல்ட்ஸ்டோனும் ஜாஃபியும் அதை மேலும் விரிவுபடுத்தினர்.

உங்கள் முடிவைச் சோதிக்க, கரங்களின் நீளத்தை அகலத்தின் 6 மடங்கிலிருந்து 10 மடங்காக்குங்கள். கட்டுண்ட நிலையின் ஐகன் மதிப்பு (கணினி தரும் ஆற்றல் மதிப்பு) வாயில் ஆற்றலில் 0.93 பங்கிலேயே நிற்க, மற்றவை வாயில் ஆற்றலை நோக்கி இறங்கிவர வேண்டும். மூலையிலிருந்து விலக விலக அலைச்சார்பு, அகலத்தைப் போல் சுமார் 1.2 மடங்குத் தொலைவுக்கு ஒருமுறை 2.7இல் ஒரு பங்காகத் தேயும். ஆகவே 2 மடங்கு நீளமே உள்ள கரங்கள் போதா. நிரலில், சுவரில் அலைச்சார்பு சுழி என்பதற்குப் பதிலாக அதன் சாய்வு சுழி என்று எழுதியிருந்தால் இந்த நிலையே தோன்றாது.

ஆய்வேட்டில் பலரும் தவறவிடுவது வெப்பநிலையை. காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் 10 நானோமீட்டர் அகலக் குழாய்க்கு வாயில் ஆற்றல் சுமார் 56 மில்லி எலக்ட்ரான் வோல்ட். மூலையிலிருந்து விடுபடத் தேவையான கட்டு ஆற்றலோ அதில் 7 சதவீதமான சுமார் 4 மட்டுமே. அறை வெப்பத்தின் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் முன் அது நிற்காது. திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் நிற்கும்.

செய்முறையாகக் காட்ட எலக்ட்ரானே வேண்டும் என்பதில்லை. 2 சென்டிமீட்டர் அகலமுள்ள உலோக நுண்ணலைக் குழாயை, மின்புலம் வளைவுத் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி மடக்கினால் சமன்பாடு அதுவே: வாயில் அதிர்வெண் 7.5 கிகாஹெர்ட்ஸ், மூலையில் சிக்கும் அலைக்குச் சுமார் 7.2.