ரோமானியர் இடத்தில்தான் தோண்டுவேன் என்றால்…

கேள்வி: லெஸ்டரில் இருக்கிறேன், வரலாற்றில் பட்டம் முடித்துவிட்டேன். ரோமானியர் கால இடங்களில் அகழாய்வு வேலை பார்க்க ஆசை. முதுகலை கட்டாயமா? எங்கே தொடங்குவது?

பதில்: முதுகலை கட்டாயமில்லை, மண்ணில் இறங்கிய அனுபவம்தான் முதல் கேள்வி. ஆனால் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஆரம்பத்தில் கிடையாது. 1990-க்குப் பிறகு இங்கிலாந்தில் கட்டடமோ சாலையோ போடுகிறவரே பெரும்பாலும் அகழாய்வுச் செலவையும் ஏற்கிறார். வேலை அதிகம் கிடைப்பதும் அவர்களுக்காகத் தோண்டித் தரும் தனியார் நிறுவனங்களில்தான். ரோமானிய மாளிகையை நினைத்துக்கொண்டு போனால், விக்டோரியா காலக் கழிவுக்குழியில் மூன்று வாரம் நிற்க வேண்டி வரலாம். நின்று பழகுங்கள்.

ஆசைக்கு வின்டோலாண்டா இருக்கிறது. வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குக் கொஞ்சம் தெற்கே உள்ள அவர்களின் கோட்டை. தன்னார்வலர்களைச் சேர்ப்பார்கள், கட்டணம் உண்டு, இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே ஈரமண்ணில் காற்றுப் புகாததால் தோல் செருப்புகூட அழுகவில்லை. 1973 முதல் மையால் எழுதிய மரச்சீவல்கள் கிடைத்துவருகின்றன. ஒன்றில் கிளாடியா செவெரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைக்கிறார்.

சரி, களத்தில் என்ன கற்க வேண்டும்? கரண்டி பிடிக்க. நம் கொத்தனார் கரண்டியைவிடச் சிறியது. குத்தக் கூடாது, அலகின் ஓரத்தால் உங்களை நோக்கி இழுக்க வேண்டும். பழைய பள்ளத்தில் நிரம்பிய மண்ணும் சுற்றியுள்ள மண்ணும் நிறத்தில் லேசாகத்தான் வேறுபடும். காய்ந்துபோனால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், விளிம்பு தெரியும். கரண்டி உரசும் சத்தமும் மாறும். நிரம்பிய மண்ணை மட்டும் எடுத்து, அதற்கு ஓர் எண் கொடுத்து, எதற்கு மேல், எதற்குக் கீழ் என்று தாளில் எழுத வேண்டும். தங்கக் காசு எடுத்தவரைவிட, இந்தத் தாளை ஒழுங்காக நிரப்புகிறவரைத்தான் நான் மறுபடி கூப்பிடுவேன்.

ரோமானியர் பக்கம் ஒதுங்க நல்ல வழி, உடைந்த பானை ஓடுகளைப் படிக்கக் கற்பது. இங்கிலாந்தின் ரோமானிய நகரமான வெருலாமியத்தைத் தோண்டிய தொல்லியலாளர் மார்டிமர் வீலர், 1945-இல் அரிக்கமேட்டு அடுக்குகளுக்குக் காலம் குறித்ததே இத்தாலியின் சிவப்புப் பளபளப்பு ஓடுகளை வைத்துத்தான். ஓடு படிக்கத் தெரிந்தவரை ரோமானிய இடங்களுக்குத் தேடி அழைப்பார்கள்.

அப்புறம், கட்டுமானத் தளத்தில் நுழைய சி.எஸ்.சி.எஸ். அட்டை (தளப் பாதுகாப்பு தெரியும் என்பதற்கான அட்டை) வேண்டும். கார் ஓட்டத் தெரிந்தால் பெரிய பலம், தளங்கள் ஊருக்கு வெளியேதான். சம்பளம் சுமார்தான், ஒப்பந்தங்கள் குறுகியவை. பிப்ரவரி மழையில் ஒரு வாரம் தோண்டிவிட்டு முதுகலைக்குப் பணம் கட்டுங்கள்.