கிராணி பதில்கள்: அப்பா போட்ட கள்ளக் கையெழுத்து

போன இதழ்ல "நம்ம ஆளுங்க எழுதுற கோர்ட் கதைய படிச்சா கொட்டாவி வருது"ன்னு தெரியாம வாய விட்டுட்டேன். வந்து குவிஞ்ச லெட்டர்ல திட்டு பாதி, கேள்வி பாதி. திட்டு எல்லாத்தையும் மடிச்சு வெச்சாச்சு, கேள்விக்கு வருவோம். முப்பது வருஷம் ஜார்ஜ்டவுன்ல லாயர் ஆபீஸ் கிராணியா இருந்தவன் சொல்றேன், அவ்வளவுதான், நான் லாயர் கெடையாது.

கேள்வி: அண்ணே, தொடர்கதை எழுதுறேன். ஹீரோ பிரிக்ஃபீல்ட்ஸ்ல லாயர். பினாங்கு வீட்டு அலமாரிய ஒதுக்கும்போது, சித்தப்பா நிலத்த அப்பா கள்ளக் கையெழுத்து போட்டு தன் பேருக்கு மாத்திகிட்டது தெரிய வருது. கடைசியில அப்பாவுக்கு எதிரா ஹீரோவே வாதாடுறான், ஜூரி "குற்றவாளி"ன்னு சொல்றாங்க. நல்லாருக்கா? (வாசகி, கிள்ளான்)

தங்கச்சி, முதல்ல அந்த ஜூரிய வீட்டுக்கு அனுப்புங்க, மலேசியாவுல ஜூரிய 1995 ஜனவரியோட தூக்கியாச்சு. கிரிமினல் கேஸ்னா டிபிபி, அதாவது அரசாங்க வக்கீல், தான் நடத்துவாரு. சித்தப்பா போடுற சிவில் கேஸ்ல ஹீரோ நிக்கலாம்னு பாத்தா அதுவும் ஆகாது, ஏன்னா அந்த பேப்பர கண்டெடுத்தவனே அவன்தான், நாளைக்கு கூண்டுல ஏறி சாட்சி சொல்ல வேண்டியவன், சாட்சி சொல்ற கேஸ்ல லாயரா நிக்கக் கூடாதுன்னு லாயருங்களுக்கு 1978ல போட்ட நடத்தை விதியிலயே இருக்கு.

உங்க கதையோட சூடு கோர்ட்டுல இல்ல, லேண்ட் ஆபீஸ் கவுண்டர்ல இருக்கு. கிராண்ட், அதாவது நிலப் பட்டா, அப்பா பேர்ல இருக்கற வரைக்கும் சித்தப்பாவுக்கு வழி இருக்கு, மோசடியில வந்த பேர கோர்ட் அடிச்சிடும். ஆனா அப்பா அத ஒரு டெவலப்பருக்கு வித்து, அவன் விஷயம் தெரியாம நியாயமா காசு குடுத்து வாங்கி, பேரும் பதிஞ்சிட்டா? நிலம் போச்சு. அப்புறம் சித்தப்பா அப்பாகிட்ட வெள்ளிய கேக்கலாம், மண்ண கேக்க முடியாது. அதனால பேர் மாத்தற அந்த 14ஏ ஃபாரம் பதிவாகறதுக்குள்ள சித்தப்பா 19பி ஃபாரம் போட்டு கேவியட், அதாவது நிலத்து மேல ஒரு தடை, வைக்கணும். வெச்சிட்டா பேர் மாத்த முடியாது, எடுக்காம விட்டா ஆறு வருஷம் நிக்கும். மகன் வாய தொறந்தா அப்பா உள்ள போவாரு, மூடினா சித்தப்பா குடும்பம் தெருவுக்கு வரும், டெவலப்பர் ஆளு திங்கக்கெழம காலையில லேண்ட் ஆபீஸ்ல க்யூ நிக்கப் போறான். இத விட்டுட்டு ஜூரி எதுக்கு?

கேள்வி: ஒண்ணும் அறியாம வாங்கினவன் தப்பிச்சிடுவான்னா இது என்ன நியாயம்? (வாசகர், பட்டர்வொர்த்)

நீங்க இப்ப கேக்கறீங்க, இதவிட மோசமா ஒரு காலம் இருந்துச்சு. நம்ம பினாங்கு தஞ்சோங் பூங்கால ஒரு தாய்லாந்து அம்மாவுக்கு நிலம், அவங்க மாதிரியே நடிச்சு வேற யாரோ வித்துட்டாங்க. வாங்கின கம்பெனி பேர்ல அடோர்னா பிராப்பர்டீஸ் கேஸ்னு சொன்னா பழைய கிராணிங்க எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. 2000 டிசம்பர்ல ஃபெடரல் கோர்ட்டே, திருடன்கிட்ட நேரடியா வாங்கினவனா இருந்தாலும் நல்ல மனசோட வாங்கியிருந்தா நிலம் அவனுக்குத்தான்னு சொல்லிடுச்சு. அந்த அம்மா எதுலயும் கையெழுத்தே போடல, ஆனாலும் நிலம் போச்சு. 2010 ஜனவரியிலதான் குவாந்தான் நிலம் ஒண்ண பத்தின கேஸ்ல அதே கோர்ட் அது தப்புன்னு சொல்லி மாத்துச்சு. இப்போ கள்ளப் பத்திரத்துல நேரடியா வாங்கினவனுக்கு பாதுகாப்பு இல்ல, அவன்கிட்டேர்ந்து நல்ல மனசோட காசு குடுத்து வாங்கற அடுத்த ஆளுக்குத்தான் உண்டு. கிள்ளான் தங்கச்சி கதையில அந்த அடுத்த ஆளுதான் டெவலப்பர், அதான் பயம்.

கேள்வி: பத்திரம் போலின்னு ஹீரோ எப்படி கண்டுபிடிப்பான்? (வாசகர், செந்தூல்)

பூதக்கண்ணாடி எல்லாம் வேணாம். 1986ல எழுதினதா சொல்ற கடுதாசியில 12 நம்பர் ஐசி (அடையாள கார்டு) இருந்தா முடிஞ்சது கதை, அந்த நம்பர் 1990லதான் வந்துச்சு. இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப புடிச்சது. கித்தா (ரப்பர்) தோட்டத்துல வேல செஞ்ச பாட்டிங்க பேப்பர் எல்லாம் பிஸ்கட் டின்னுல பாச்சை உருண்டை வாசத்தோட இருக்கும், எடுத்துப் பாத்தா எல்லாத்துலயும் ஊதா மையில கைநாட்டு, பெருவிரல் ரேகை லேசா கலைஞ்சு. நடுவுல ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் வளைச்சு வளைச்சு இங்கிலீஷ் கையெழுத்து. பாட்டி எந்த ராத்திரி ஸ்கூலுக்குப் போனாங்க? உங்க சித்தப்பாவுக்குப் பதிலா பாட்டி நிலம்னு வெச்சுக்குங்க, இது போதும். மத்தத ஜபாத்தான் கீமியா, அதாவது அரசாங்க ரசாயன இலாகா, ஆளுங்க பாத்துக்குவாங்க.

கேள்வி: அப்பா மகன்கிட்ட ஒத்துகிட்டா, லாயர் ரகசியம்னு மகன் மறைக்கலாமா? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

எங்க, எப்படி சொன்னாருங்கறதப் பொறுத்தது. ஹால்ல சாயா குடிச்சுகிட்டு அப்பாவா சொன்னா அதுக்கு லாயர் பாதுகாப்பு கெடையாது. கிளையண்டா ஆபீஸ்ல வந்து உக்காந்து "கள்ளக் கையெழுத்து போட்டுட்டேன், என்ன காப்பாத்து"ன்னா அது ரகசியம். "இந்தக் கள்ளப் பத்திரத்த வெச்சு நிலத்த எனக்கு வாங்கிக் குடு"ன்னா ரகசியம் இல்ல. 1950ல வந்த சாட்சியச் சட்டம் 126ல இந்த ரெண்டையும் உதாரணமாவே எழுதி வெச்சிருக்கான். ஒரே அப்பா, ஒரே நாற்காலி, ரெண்டு வாக்கியம். நான் எழுதினா இதுலதான் ஒரு அத்தியாயமே ஓட்டுவேன்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசுன்னு வெச்சிருக்கேன், ரோத்தான் அடி (பிரம்படி) உண்டா? (அதே கிள்ளான் வாசகி)

ஏமாத்து கேஸ் 420ல ஒரு வருஷத்துலேர்ந்து பத்து வருஷம் ஜெயிலு, ரோத்தானும் உண்டு, ஆனா அந்த கேஸ்ல 50 தாண்டினவருக்கு ரோத்தான் கெடையாது. அந்த சீன எடுத்துடுங்க தங்கச்சி.